லூர்துராஜுக்கு நான் பூட்டிக் கொடுத்த சைக்கிள்

1

நம் பங்குக் கோயில் மடலில் மாதம் ஒருமுறை எழுதச் சொல்லி நீங்கள் கேட்டுக்கொண்டதிலிருந்து நானும் பிரான்சிலிருந்து பனி, ரொட்டி, ரயில் ஸ்ட்ரைக் என்று எதையாவது எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் சாமியார் கடிதத்தில், "தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களாமே, மலைச் சைக்கிளாமே, அதை வாங்குவது, பராமரிப்பது பற்றி எழுதுங்களேன். இங்கே பெட்ரோல் விற்கிற விலையில் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்" என்று கேட்டிருந்தார்.  வேறு எதைக் கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேன். இருந்தாலும் சாமியார் கேட்டுவிட்டாரே என்று உட்கார்ந்து ஒரு பக்கம் வேடிக்கையாக எழுதினேன். இரண்டாம் பக்கம் தொடங்குவதற்குள் பாண்டியிலிருந்து மிஸ்டு கால் வந்தது. என் தம்பி பெண்சாதி ஜோசபின். அவள் மிஸ்டு கால் கொடுப்பாள், நான் ஃபோன் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவேன். அதுதான் எங்கள் வழக்கம்.

"மாமா, ரோஸ்லினு பரீட்ச ஹால்லயே விழுந்துட்டா. கைகால் இழுத்துக்கிச்சாம். டீச்சருங்க ஆட்டோல போட்டு இட்டாந்தாங்க."

ரோஸ்லின் என் தம்பி லூர்துராஜின் ஒரே பெண். பிளஸ் டூ. பதின்மூன்று வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், விடாமல் போட்டால் அடங்கியிருக்கும் என்று சொல்லியும் இருக்கிறார்கள்.

"மாத்திரை போட்டாளா இல்லியா?"

"எங்க போடறா? ரெண்டு மாசமா தலகாணி உறைக்குள்ள சேத்து வெச்சிருக்கா மாமா. இன்னைக்குத்தான் பாத்தேன். ஏன்டின்னு கேட்டா, 'எந்தலையில அடிச்ச சத்தியத்த அப்பா மீறிட்டாரு, அதுக்கு மாத்திர என்னா பண்ணும்'ன்றா. நான் என்னான்னு சொல்றது? நானும் அதத்தான நெனைக்கறேன்."

லூர்துராஜ் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பட்டப்பகலில், வண்டி வாகனம் இல்லாத ரோட்டில், சைக்கிளிலிருந்து தலைகுப்புற விழுந்து செத்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊர் சொன்னது. அதற்கு ஒன்றரை வருடம் முன்புதான், இனிக் குடிக்க மாட்டேன் என்று கோயிலில் பீடத்துக்கு முன்னால் ரோஸ்லினின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அது யாரை வந்து பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லூர்து அன்று குடிக்கவில்லை. எனக்கு இது ஆறு வருடமாகத் தெரியும். எழுதியிருந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டேன். சாமியார் சைக்கிளைப் பற்றித்தானே கேட்டார், சைக்கிளைப் பற்றியே எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது கல்யாணத்தால். என் மனைவி தெரேஸ் சொல்தா வீட்டுப் பெண், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு, பிறப்பிலேயே பிரெஞ்சு நேஷனாலித்தே, குடியுரிமை. பாண்டியில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு சம்பந்தம் கிடைத்தால் தெருவே மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் விமானம் ஏறினேன். இங்கே வந்ததும் கிடைத்த வேலை காய்கறி மொத்த மார்க்கெட்டில் பெட்டி அடுக்குவது. காலை ஐந்து மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். முதல் பஸ்ஸே ஐந்தே முக்காலுக்குத்தான்.

இரண்டு மாதம் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். கூட வேலை செய்த போர்த்துகல்காரன் மனுவேல்தான், "ஒரு வெத்தெத்தே வாங்கு, உன் கால் பிழைக்கும்" என்றான். மலையில் ஏறுகிற சைக்கிளுக்கு இங்கே அப்படிப் பெயர். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒன்று வாங்கிக் கொடுத்தான். கறுப்பு பிரேம், இருபத்தொரு கியர், டிராக்டர் டயர் மாதிரி முள்ளு முள்ளாக டயர்.

பிள்ளைகளுக்கு உபயோகமாக வேண்டும் என்றாரே சாமியார், சொல்லிவிடுகிறேன். அந்த முள் டயர் தார் ரோட்டுக்கு ஆகாது. உய்ய் என்று சத்தம் போடும், இழுக்கும், முழங்கால் போய்விடும். வாங்கிய கையோடு வழவழப்பான டயர் மாற்றிக்கொள்ள வேண்டும். மட்காடு இல்லாமல் விற்பான், மழையில் முதுகெல்லாம் சேறாகும், அதையும் போட வேண்டும். செயினை மாதம் இருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் செயின் நீண்டுபோய்ப் பல்சக்கரத்தைத் தின்றுவிடும், அப்புறம் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நாள் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. நம் ஊரில் பிரேக் ஷூ என்போமே, அதை அப்படியே பிரெஞ்சில் மொழிபெயர்த்து, "பிரேக்குக்கு சோஸ்யூர் வேண்டும்" என்று கடையில் கேட்டேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார். எதிர்க் கடையைக் கைகாட்டினார். அது செருப்புக் கடை. தெரேஸிடம் சொன்னேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதம் அவள் தம்பிமார்கள் எல்லாம் என்னைப் பார்த்தால் காலைப் பார்த்தார்கள். பிரான்சுக்கு வந்த புதிதில் நான் பேசியது முக்கால்வாசி இப்படித்தான்.

3

சைக்கிள் வாங்கிய முதல் வாரத்திலேயே நான் ஒரு தரம் விழுந்தேன். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இறக்கமான தெரு, ஈரம், உதிர்ந்த இலைகள். எதிரே ஒரு நாய் குறுக்கே வந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் இடது கையை அழுத்தினேன். முன் சக்கரம் அப்படியே நின்றது, பின் சக்கரம் என் தலைக்கு மேலே வந்தது. தாடையில் இன்றும் தழும்பு இருக்கிறது.

கூட வந்துகொண்டிருந்த மனுவேல் தூக்கி உட்காரவைத்துக் கேட்டான், "எதற்கு இடது பக்கம் பிடித்தாய்?"

"பின் பிரேக் அதுதானே?"

"இங்கே இடது கைதான் முன் பிரேக். உங்கள் ஊரில் என்ன, தலைகீழா?"

ஆமாம், தலைகீழ்தான். நமக்கு ரோட்டில் இடது பக்கம் போகிற பழக்கம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது கையைத் தூக்கிக் காட்டுவோம். அப்போது ஹேண்டில்பாரில் மிச்சம் இருப்பது இடது கை. அதனால் நம் சைக்கிளில் இடது கைக்குப் பின் பிரேக், வலது கைக்கு முன் பிரேக். இவர்கள் வலது பக்கம் போகிறவர்கள், இடது கையைத் தூக்குகிறவர்கள். அதனால் எல்லாம் மாறியிருக்கிறது. பாண்டியில் ஐந்து வயதில் குரங்குப் பெடல் போட்டதிலிருந்து என் இடது கை கற்றுக்கொண்டதை மாற்ற எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மாறிய பிறகு சுத்தமாக மறந்துபோனேன். ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது என்பதே நினைவில் இல்லை.

அதற்கப்புறம் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு சாமான். சீட் மாற்றினேன், கியர் மாற்றினேன். பழைய பிரேக் இளகிப்போய் இருந்தது, வி-பிரேக் வாங்கினேன். பழைய லீவரின் இழுப்பு அதற்குப் போதாது, ஆகவே லீவரும் புதிது. வி-பிரேக் என்றால் சும்மா இல்லை, இரண்டு விரலால் தொட்டால் போதும், சக்கரம் கப்பென்று நிற்கும். எல்லாம் நானே பூட்டினேன். மார்க்கெட்டில் பெட்டி தூக்கும் ஆளாக இருந்தாலும் சைக்கிள் விஷயத்தில் நான் ஒரு மிசியே, பெரிய துரை என்று எனக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

4

பிராங்க் போய் யூரோ வந்த மறு வருடம் விடுமுறைக்குப் பாண்டி வந்தேன். எனக்குப் புது சைக்கிள் வாங்கியாகிவிட்டது. பழையதைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டி, லூர்துவுக்காக விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அவன் முத்தியால்பேட்டையிலிருந்து சேதராப்பட்டு தொழிற்சாலைக்கு ஒரு பழைய கறுப்புச் சைக்கிளில் மிதித்துக்கொண்டிருந்தான். குடியை விட்டபிறகு பஸ்ஸில் போகமாட்டான். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் பிராந்திக் கடை இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் இறங்கச் சொல்லி இழுப்பார்கள், சைக்கிளில் போனால் நேரே போய் நேரே வந்துவிடலாம் என்பான். சைக்கிள் அவனுக்கு அவ்வளவு முக்கியம்.

சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர், "இது புதுசா பழசா, விக்கப்போறீங்களா" என்று ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். "தம்பிக்கு சார்" என்றேன். "தம்பிக்கு ஊர்லயே சைக்கிள் கெடைக்காதா" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். இன்று நினைத்தால், அவர் அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

வீட்டு வாசலில் வைத்துப் பூட்டினேன். தெருவே கூடிவிட்டது. சக்கரத்தில் வந்த கோட்டத்தை எடுக்க மட்டும் தணிகாசலம் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம், நானும் லூர்துவும். தணிகாசலம் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். கோட்டம் எடுத்துவிட்டு, ஒரு தரம் ஏறிச் சுற்றி வந்தார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"அண்ணே, பிரேக்கு மாத்தி இருக்குது. எடது கைய புடிச்சா முன்னாடி நிக்குது. ஒயர கழட்டி மாத்தி வுட்டுடறேன், பத்து நிமிசம்."

கூட்டம் நின்றிருந்தது. எனக்கு அவர் சொன்னது புரியாமல் இல்லை. தாடைத் தழும்பு எனக்குத்தானே இருக்கிறது? ஆனால் நான் பூட்டியதில் இவர் குறை சொல்கிறாரே என்று சுர்ரென்று ஏறியது.

"கை வெக்காதீங்க தணிகாசலம். இது பிரான்சு வண்டி. பிரான்சுக்காரனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? அங்க எல்லாம் இப்பிடித்தான் ஓட்டறோம்."

"அங்க ஓட்டலாம்ணே. இவரு இங்கல்ல ஓட்டப்போறாரு?"

"அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும்."

ரெண்டு நாள் என்றேன். எனக்கு ஆறு மாதம் ஆனதை நான் சொல்லவில்லை.

தணிகாசலம் லூர்துவைப் பார்த்தார். லூர்து என்னைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். வுடுங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. குடியை விடச் சொல்லி நான் ஃபோனில் அழுதபோதும் இப்படித்தான், சரிண்ணே என்று ஒரே வார்த்தை. மறுநாள் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்துவிட்டான்.

இருந்த பத்து நாளும் அவனுடன் தெருவில் நடந்து, இடது பக்கம் பிடிக்காதே, வலது பக்கம் பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையை ஆட்டினான். ஆனால் கடைக்குப் போக, தண்ணீர் பிடிக்க, பழைய கறுப்புச் சைக்கிளைத்தான் எடுப்பான். புதியது வேலைக்கு மட்டும். ஒரு கைக்கு ஒரே நாளில் இரண்டு பழக்கம். இது ஆபத்து என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

5

நான் இங்கே திரும்பி வந்து பன்னிரண்டாம் நாள். மத்தியான ஷிப்ட்டுக்குக் கிளம்பிய லூர்து சேதராப்பட்டு தொழிற்பேட்டை எஸ்டேட் முனையில் விழுந்தான். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்திவிட்டது. ஜோசபின்தான் ஃபோனில் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"டீக்கடக்காரரு பாத்தாராம் மாமா. கைய மேல தூக்கி ஆட்டிக்கினே வந்தாராம், அப்பிடியே தலகுப்புற விழுந்தாராம். ரோட்ல ஒரு ஈ காக்கா இல்லியாம். தூக்கினவங்க எல்லாம் முத்தியால்பேட்ட லூர்துதான, மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டான்யான்னாங்களாம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலது கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். ரோடு காலியாக இருந்தாலும் காட்டுவான், அப்படி ஒழுங்கு பார்க்கிறவன். வேகத்தைக் குறைக்க இடது கையை அழுத்தியிருக்கிறான். இடது கையில் நான் பூட்டிய முன் பிரேக்.

"மாமா, நீங்க அங்கேர்ந்து பாட்டிலு எதுனா கொண்டாந்து குடுத்தீங்களா அவருக்கு? உண்மைய சொல்லுங்க."

பிரான்சிலிருந்து வருகிறவன் பெட்டியில் பாட்டில் இல்லாமல் வரமாட்டான் என்பது பாண்டியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நானும் கொண்டுவந்தேன், மாமனார் வீட்டுக்கு இரண்டு, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு சொல்தாவுக்கு ஒன்று. லூர்துவுக்குக் கொடுக்கவில்லை. "நான் குடுக்கல" என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன். பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

"அப்ப வழியில எங்கயோதான் போட்டிருக்காரு" என்றாள்.

மூன்றாம் நாள் போய்விட்டான். அடக்கத்துக்கு வருவேன் என்று எல்லோரும் பார்த்திருந்தீர்கள். பிரெஃபெக்ச்சூர் என்கிற அரசாங்க ஆபீஸில் இங்கே தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், கையில் வெறும் ரெசெபிஸே, வாங்கிக்கொண்டதற்கான சீட்டுத்தான் இருக்கிறது, வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினீர்கள். இந்த ஊர் ஆபீஸ்களைப் பற்றி நான் இந்த மடலிலேயே எவ்வளவு எழுதியிருக்கிறேன்? பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயர் ஒரு மாதிரி, புதுப் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கிறது, நீ இரண்டு ஊரில் பிறந்தாயா என்று ஒரு மதாம் என்னை மூன்று தரம் அலையவிட்ட கதையைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். அது நடந்ததுதான். ஆனால் தம்பி செத்த வாரம் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. பத்து வருடக் கார்டு, முத்திரையோடு. லீவும் கொடுத்தார்கள். டிக்கெட்டும் இருந்தது. அந்தச் சைக்கிளை யாராவது என் முன்னால் நிறுத்தி, இது எப்படி என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து நான் வரவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் பயந்து ஒளிந்த நாய் நான்.

தணிகாசலத்துக்குத் தெரிந்திருக்கும். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வெகுநாள் யோசித்தேன். அவர் யாரிடம் சொல்வார்? செத்தவனின் அண்ணன் பிரான்சில் இருக்கிறான், கோயில் மடலில் எழுதுகிறான், அவன் மேல் பழி போட அவருக்கு என்ன பைத்தியமா? விழுந்த வண்டியை ஒயரை மாற்றாமல் யாருக்கும் விற்கக்கூடாது என்று மட்டும் ஜோசபினிடம் சொல்லியிருக்கிறார். ஜோசபின் விற்கவில்லை. இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாள்.

இன்றைக்கும் நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். வேறு வழியில்லை, பஸ் நேரம் மாறவில்லை. இப்போது டிஸ்க் பிரேக் வண்டி. ஒவ்வொரு சிக்னலிலும் இடது கை அழுத்தும்போது உள்ளே ஏதோ அறுகிறது. ஆறு வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்லினுக்கு முதல் வலிப்பு வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் மீறினதுக்குத்தான் இது என்று ஜோசபின் சொன்னபோது, டாக்டரைப் பார் என்றேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சரி, மாத்திரை இருக்கிறது, பெண் பிழைத்துக்கொள்வாள், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகப் போகும்போது ஜோசபின் மட்டும் போகமாட்டாள் என்பதும் தெரியும். பிள்ளை தலையை விற்றுக் குடித்தவனுக்குப் பூ ஒரு கேடா என்றாளாம். அதையும் கேட்டுவிட்டுச் சும்மாதான் இருந்தேன்.

தலையணை உறைக்குள் மாத்திரை என்று கேட்ட அன்றுதான் இனியும் மறைக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன்.

6

அந்த மிஸ்டு கால் வந்து இரண்டு நாள் கழித்து ஜோசபினைக் கூப்பிட்டேன். வீட்டிலிருந்து பேச முடியாது. பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் இருந்தான். அவனுக்குத் தமிழ் அரைகுறை, ஆனால் அழுகை எந்த மொழியிலும் புரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று பேசினேன். இங்கே காலை ஒன்பது, அங்கே மத்தியானம் ஒன்றரை.

"ஜோசபின், லூர்து அன்னைக்குக் குடிக்கல. நான் கொண்டாந்த சைக்கிள்ல எடது கைக்கு முன் பிரேக் இருந்தது. நம்ம ஊர்ல அது பின் பிரேக். தணிகாசலம் மாத்தறேன்னாரு, நான்தான் வேணாம்னேன். அதுலதான் விழுந்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

 எங்கோ குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன். எந்தக் கைன்னு சொன்னீங்க?"

"எடது கை."

"வலது கைய தூக்கினது?"

"திரும்பப்போறேன்னு காட்டறதுக்கு."

"அப்ப ஆட்டல."

"ஆட்டலம்மா. சைகை காட்டினான்."

 பிறகு பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆஸ்பத்திரியில மூணு நாளு நெனப்போடதான் இருந்தாரு மாமா. 'குடிக்கல ஜோசி, குடிக்கல ஜோசி'ன்னுட்டே இருந்தாரு. நான் செவுத்த பாத்துக்கினு உக்காந்திருந்தேன். தண்ணி கேட்டாரு. வயித்துல காயம், தண்ணி குடுக்கக்கூடாது, பஞ்ச நனைச்சி ஒதட்டுல வையும்மான்னாங்க நர்சம்மா. நான் வெக்கல. பொய் சொல்ற வாய்க்கு நான் ஏன் வெக்கணும்னு இருந்துட்டேன். அவங்களேதான் வெச்சாங்க."

"மன்னிச்சுடும்மா" என்றேன்.  பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த மனுவேல் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

"மன்னிப்பெல்லாம் சாமியார்கிட்ட போய்க் கேளுங்க. அந்த மூணு நாள நான் யாருகிட்ட போய்க் கேக்கறது?"

அவளே மேலே பேசினாள்.

"நீங்க எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது மாமா? குடிகாரன்னு நான் மட்டுமா சொன்னேன்? ஊரு சொல்லிச்சு. ரோஸ்லின் பள்ளிக்கூடத்துல வரைக்கும் சொல்லிச்சு. நீங்க மாசாமாசம் எழுதறீங்களே, அங்க பனி பெய்யுது, ரொட்டி சுடறான்னு. பூசை முடிஞ்சி எல்லாரும் படிச்சிட்டு, உங்க மாமா நல்லா எழுதறாருன்னு எங்கிட்டயே வந்து சொல்றாங்க. அதுல எழுதுங்க. அவரு பேரு போட்டு எழுதுங்க. உங்க பேரும் போட்டு எழுதுங்க. அதக் கொண்டாந்து ரோஸ்லினுக்குப் படிச்சிக் காட்டறேன். வாயால சொன்னா, அவங்கண்ணன் அவருக்கு வக்காலத்து வாங்கறாருன்னுதான் அவ நெனப்பா."

"எழுதறேன். ரோஸ்லின் மாத்திரை..."

"அவ எம்பொண்ணு. நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் எழுதுவதைப் பார்த்து மகன், "என்ன எழுதுகிறாய் பப்பா?" என்று பிரெஞ்சில் கேட்டான். சைக்கிளைப் பற்றி என்றேன். அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு டிவி பார்க்கப் போனான். அவனுக்கு லூர்துவைத் தெரியாது. ஒரு கோடை விடுமுறையில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்க நடந்த ஆளை அவன் மறந்துவிட்டான். இதைத் தமிழில் எழுதுவதால் அவன் படிக்கவும் மாட்டான். அவனுக்கும் ஒருநாள் நான் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும்.

7

சாமியாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கேட்ட கட்டுரை இது இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். யாராவது வெளிநாட்டிலிருந்து சைக்கிள் கொண்டுவந்து கொடுத்தால், ஏறுவதற்கு முன் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு கையாக அழுத்திப் பாருங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை. கொண்டுவந்தவன் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

முத்தியால்பேட்டை லூர்துராஜ், சேதராப்பட்டில் வேலை பார்த்தவர், அன்று குடித்திருக்கவில்லை. தன் மகள் தலையில் வைத்த சத்தியத்தைக் கடைசி வரை காப்பாற்றினார். அவர் விழுந்தது நான் பூட்டிய பிரேக்கால். மாற்ற வந்தவரைத் தடுத்ததும் நான்தான். அவருடைய அண்ணன் அந்தோணிசாமி எழுதுகிறேன், இது உண்மை.

இதைப் படித்தவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஜோசபினையும் ரோஸ்லினையும் பார்த்தால், நாங்கள் படித்தோம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று தூக்கிவிட்டவர்கள் யாராவது உங்களில் இருந்தால், நீங்கள் முதலில் போய்ச் சொல்லுங்கள்.